நம்மைப் பார்த்து நாமே நகைத்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நாடகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடகக் குழுவின் சார்பில் அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். நாங்கள் பேச்சுக்கலை பயின்றவர்கள் அல்லோம். பகலெல்லாம் பார்சல் ஆபீசில் இரசீதும் கணக்கும் பார்த்துவிட்டு, மாலையில் இன்ஸ்டிட்யூட் மண்டபத்தின் பின்கட்டில் கூடி ஒத்திகை நடத்தும் குமாஸ்தாக்கள். மெட்ரிகுலேஷனுக்கு மேல் எங்களைப் பள்ளிக்கூடம் கண்டதில்லை. ஆகவே சொல்லில் குறை நேரின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் கல்கத்தா மேடைகளில் நடந்த நகை நாடகங்கள் என்பது. வங்காளிகள் இதனைப் ‘பிரகசனம்’ என்பர். ஆங்கிலத்தில் ‘பார்ஸ்’ என்பர். இப்பொருளை ஏன் எடுத்தோம் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

ஈராண்டுகளுக்கு முன்பு நம் ஆண்டு விழாவுக்காக நாங்கள் ஒரு நகை நாடகம் எழுதி ஒத்திகை பார்த்தோம். காலனியில் குடியிருக்கும் தமிழர் ஒருவர். மேடை ஏறினால் தமிழ் வாழ்க என்று முழங்குகிறவர். அவர் வீட்டுக்கு ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதம் வருகிறது. அதைப் படிக்க அவர் பிள்ளைகளுள் ஒருவருக்கும் எழுத்துத் தெரியவில்லை. தகப்பனாரோ தமிழின் பெருமை பற்றிச் சொற்பொழிவாற்றச் சங்கத்துக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஓடுகிறார்கள். இதுதான் கதை. விழாவுக்கு நான்கு நாள் முன்பு ஒரு பெரியவர் ஒத்திகைக்கு வந்தார். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். “தம்பி, அந்த மனுஷன் பேசுவது என் பேச்சாக இருக்கிறதே” என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். மறுநாள் மாலை, மனவருத்தம் வேண்டாம் என்ற முடிவு எங்களுக்கு வந்து சேர்ந்தது. நாடகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அவ்வாண்டு புராணக் காட்சி ஒன்று நடந்தது, யாருக்கும் வருத்தமில்லை.

எங்களுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அந்த நாட்களில், நாம் வந்து குடியேறிய இந்த வங்க மண்ணின் நாடக வரலாற்றைக் கிடைத்த அளவில் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, எங்களுக்கு நேர்ந்தது புதிதன்று என்பது விளங்கிற்று. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே, நம்மினும் பெரிய இடத்தில், நம்மினும் பெரிய கவிஞருக்கு அதுவே நேர்ந்திருக்கிறது.

நகை நாடகம் வெள்ளையரோடு கப்பலேறி வந்த சரக்கு என்று சிலர் எண்ணுவர். அது பிழை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். குடிவெறியில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி மீது பழி சுமத்திச் சண்டையிடுகிறான். உண்மையில் அதைக் கொண்டுபோனது ஒரு நாய். கதை நடக்கும் இடம் அம்மன்னனுடைய தலைநகரமே. நீதிமன்றத்தார் கையூட்டு வாங்குவார்கள் என்ற குத்தும் அதிலே வருகிறது. தன் ஊரையும் தன் அதிகாரிகளையும் பார்த்துத் தானே நகைத்த அரசன் அவன். அந்த நூல் 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியாரால் அச்சேறிய பிறகே இக்காலத்தார் அதனை அறிந்தனர்.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். அங்கிருந்த ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குக்கு நாடக அரங்குகள் அமைத்துக்கொண்டனர். பெரிய நாடகம் ஒன்று முடிந்ததும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு செல்வதற்காக, சிறியதொரு பார்ஸ் நடத்துவது அவர்கள் வழக்கம். விருந்தின் முடிவில் பாயசம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அரங்குகளில் நம்மவர்க்கு இடமில்லை, மொழியும் நம்முடையதன்று.

வங்க மொழியில் புது முறையில் மேடை அமைத்து முதன்முதல் நாடகம் நடத்தியவர் ஆங்கிலேயரும் அல்லர், வங்காளியும் அல்லர். கெராசிம் லெபெதெவ் என்னும் ருஷ்ய நாட்டு இசைவாணர் அவர். கோலோக்நாத் தாஸ் என்ற ஆசிரியரிடம் வங்க மொழி கற்று, ‘மாறுவேடம்’ என்ற பொருள்படும் ஆங்கில நகை நாடகம் ஒன்றை வங்க மொழியில் ஆக்கி, 1795 நவம்பர் 27ஆம் நாள் டோம்தலா என்ற தெருவில் தாமே அமைத்த அரங்கில் நடத்தினார். ஆடவர் வேடத்தை ஆடவரும் பெண்டிர் வேடத்தைப் பெண்டிரும் தாங்கினர். நல்ல இருக்கைக்குக் கட்டணம் 8 ரூபாய். மாடி இருக்கைக்கு 4 ரூபாய். இந்நாட்டு மக்கள் கனமான அறிவுரையைக் காட்டிலும் பாவனையையும் வேடிக்கையையும் விரும்புவதைக் கண்டே நகை நாடகத்தைத் தேர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில் இன்னொரு முறை அந்நாடகம் நடந்தது. அத்துடன் அம்முயற்சி நின்றது.

அதன்பின் நெடுங்காலம் வங்க நாடகம் செல்வர் வீட்டு முற்றங்களில் வளர்ந்தது. அழைப்புப் பெற்றவர் மட்டுமே பார்க்கலாம். அவ்வகை அரங்குகளுள் புகழ் வாய்ந்தது, பைக்பாரா அரசர்களான பிரதாப சந்திர சிங்கும் ஈசுவர சந்திர சிங்கும் பெல்காச்சியாத் தோட்டத்தில் அமைத்தது. 1858இல் அங்கே ‘ரத்னாவளி’ நடந்தபோது, ஆங்கில விருந்தினர்க்காக அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தவர் மைக்கேல் மதுசூதன தத்தர். இவர் நமக்கு அயலாரல்லர். 1848 முதல் 1856 வரை சென்னைப்பட்டினத்தில் வாழ்ந்து, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் உழைத்தவர். பிழைப்புக்காக மொழி தெரியாத ஊரில் வாழ்வது எப்படி என்பதை நம்மைப் போலவே அறிந்தவர்.

பெல்காச்சியா அரசர்களின் விருப்பப்படி அவர் இரண்டு பிரகசனங்கள் எழுதினார். இரண்டும் 1860இல் அச்சாயின. முதலாவதன் பெயர் ‘இதைத்தான் நாகரிகம் என்பதா?’ என்று பொருள்படும். ஆங்கிலம் படித்த இளைஞர் சிலர் சபை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘ஞானதரங்கிணி சபை’. அதாவது ஞான அலைகளின் சபை. உள்ளே அடிப்பதோ மதுவின் அலை. சீர்திருத்தம், சுதந்திரம் என்று சொற்பொழிவு. சொற்பொழிவு முடிந்ததும் புட்டியும் ஆட்டமும். வைணவ பக்தரான தகப்பனார் ஒருவர், மகன் செல்லும் சபை எத்தகையது என்று அறிந்துவர ஒரு பாபாஜியை அனுப்புகிறார். அவருக்கும் கையில் காசு வைத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். மகன் குடித்துத் தள்ளாடி வீடு சேர்கிறான். அவனைக் கண்டு மனைவி கலங்குவதுடன் நாடகம் முடிகிறது.

இரண்டாவது, கிழட்டு மைனாவின் கழுத்தில் இளஞ்சிறகு முளைத்ததைச் சொல்லும் தலைப்புடையது. ஜபமாலையும் நாமமுமாகத் திரியும் கிழ ஜமீன்தார் ஒருவர், தம் குடியானவனான முகம்மதியன் ஒருவனுடைய மனைவி மீது கண் வைக்கிறார். வரியில் ஒரு காசு குறைக்க மறுக்கும் கை, இதற்குப் பணத்தை வாரி இறைக்கிறது. குடியானவனும், அவரால் நிலம் இழந்த பிராமணர் ஒருவரும் சேர்ந்து, இரவில் பாழடைந்த சிவன் கோயிலருகே அவரை வரவழைத்து, பேய் அடித்ததுபோல் நன்றாகப் புடைத்து அனுப்புகிறார்கள்.

முதல் நாடகம் புதியோரைக் குத்தியது. இரண்டாவது பழையோரைக் குத்தியது. கவிஞர் ஒரு பக்கமும் சாயவில்லை. ஆனால் நடந்தது என்ன? செய்தி வெளியே கசிந்தது. ஆங்கிலம் படித்த கூட்டத்தார்க்குத் தம்மைப் பற்றிய நாடகம் என்று தெரிந்துபோயிற்று. செல்வாக்குள்ளவரை அனுப்பி அரசரிடம் சொல்ல வைத்தனர். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை நடத்தினால் பாரபட்சம் என்ற பழி வருமே என்று இரண்டையுமே அரசர் கைவிட்டார். எழுதச் சொன்ன இடத்திலேயே அந்நாடகங்கள் மேடை ஏறவில்லை. இதில் போலீஸ் இல்லை, சட்டம் இல்லை, வெள்ளையன் தலையீடும் இல்லை. நம்மவரின் நாடகத்தை நம்மவரே, மனவருத்தம் வேண்டாம் என்று நிறுத்தினர். இதைப் படித்த அன்று எங்கள் பெட்டியின் நினைவு எங்களுக்கு வந்ததில் வியப்பில்லை அன்றோ?

ஐந்தாண்டுகள் சென்றன. 1865இல் சோபாபஜாரில் தனியார் நாடகக் குழு ஒன்று ‘இதைத்தான் நாகரிகம் என்பதா?’ நாடகத்தை மேடையேற்றியது. தபால் இலாகாவில் பணிபுரிந்த தீனபந்து மித்திரரும் பிரகசனங்கள் எழுதலானார். அவற்றுள் 1866இல் வெளியான ‘சதவார் ஏகாதசி’ தலைசிறந்தது. ‘சுமங்கலியின் ஏகாதசி’ என்று பொருள். வங்கத்தில் விதவையர் ஏகாதசியன்று சொட்டுநீரும் பருகாமல் விரதம் இருப்பது அந்நாளைய வழக்கம். குடிகாரக் கணவன் உயிரோடிருந்தும் மனைவிக்கு விதவை வாழ்வுதான் என்பதை அத்தலைப்பு ஒன்றே சொல்லிவிடுகிறது. ஆங்கிலக் கவிதைகளை அருவியாகக் கொட்டிக்கொண்டே குடித்து அழியும் நிம்சாந்து என்ற பாத்திரம் அதில் வருகிறது.

இந்நாடகத்தைப் பாக்பஜார் இளைஞர்கள் 1860களின் இறுதியில் துர்கா பூஜை நாளில் நடித்தனர். நிம்சாந்தாக வேடமிட்டவர் கிரீஷ் சந்திர கோஷ். பின்னாளில் வங்க மேடையின் தந்தை எனப் போற்றப்பட்ட அவர், அந்நாளில் ஆங்கிலேய வணிக நிலையத்தில் கணக்கெழுதிய குமாஸ்தா! புராண நாடகம் என்றால் கிரீடமும் பட்டாடையும் வேண்டும். அவற்றுக்குச் செல்வர் தயவு வேண்டும். பிரகசனத்துக்கோ வீட்டிலே கட்டியிருக்கும் வேட்டியே வேடம், திண்ணையே மாளிகை. பெரும் பொருள் இல்லாத இளைஞர்களாகிய எங்களால் நாடகம் நடத்த முடிந்தது தீனபந்துவின் நாடகங்களால்தான் என்று கிரீஷே நன்றியுடன் குறித்திருக்கிறார். நகை நாடகம் எளியோருக்கு மேடையைத் திறந்துவிட்டது என்பது இதன் கருத்து. அவ்விளைஞர் குழுவினின்றே, 1872 டிசம்பர் 7ஆம் நாள், டிக்கெட் வாங்கிய எவரும் பார்க்கக்கூடிய ‘நேஷனல் தியேட்டர்’ தோன்றிற்று.

அந்நாளில் டேவ் கார்சன் என்ற வெள்ளைக்கார விதூஷகர் ஒருவர் கல்கத்தாவில் ஆடிக்கொண்டிருந்தார். வங்காளி பாபுவைப் போல வேடமிட்டு, அவன் உடுக்கும் விதத்தையும் உடைந்த ஆங்கிலத்தையும் பழித்துப் பாடுவது அவருடைய பெயர்பெற்ற உருப்படி. பாபு என்றால் யார்? ஆபீஸ் குமாஸ்தா, நம்மவன்! தன் மொழியை ஒரு வரியும் கற்காத துரை, துரையின் மொழியை முயன்று கற்ற குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தான். நேஷனல் தியேட்டரின் நகைச்சுவை நடிகர் அர்த்தேந்து சேகர முஸ்தாபி பொறுக்கவில்லை. 1873இல் துரையின் சட்டையை மாட்டிக்கொண்டு, ‘முஸ்தாபி சாகேபின் பக்கா தமாஷா’ என்ற ஆட்டத்தால் பதிலடி கொடுத்தார். அன்று முதல் அவர்க்குச் ‘சாகேப்’ என்பதே பெயராயிற்று.

இங்கே ஒரு வேற்றுமையைக் கருத வேண்டும். மதுசூதனரின் நகையும் கார்சனின் நகையும் ஒன்றல்ல. ஒருவர் தம் கூட்டத்தாரைப் பார்த்து, அவர்கள் நடுவில் நின்று, அவர்கள் காதுபடச் சிரித்தார். மற்றவர் உயர்ந்த இடத்தில் நின்று, எதிர்த்துப் பேச இயலாதவனைக் கண்டு சிரித்தார். முன்னது மருந்து, பின்னது அடி. இந்த வேற்றுமைக்குப் பின்னர் வருவோம்.

தம்மைப் பார்த்து நகைக்கக் கற்ற மேடை, அடுத்து ஆள்வோரைப் பார்த்து நகைக்கத் துணிந்தது. வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது, 1876 ஜனவரியில், ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் பவானிப்பூரிலுள்ள தம் இல்லத்துக்கு அவரை அழைத்து, அந்தப்புரத்துப் பெண்டிரைக் கொண்டு வரவேற்கச் செய்தார். ஊர் கொதித்தது. பிப்ரவரி 19ஆம் நாள், பீடன் தெருவிலிருந்த கிரேட் நேஷனல் தியேட்டரில் ‘கஜதானந்தரும் யுவராஜரும்’ என்ற பிரகசனம் நடந்தது. போலீஸ் தடுத்தது. பெயரை ‘அனுமான் சரித்திரம்’ என்று மாற்றி நடத்தினர், அதையும் தடுத்தது. அப்போது போலீஸ் கமிஷனர் பெயர் ஹாக். சூப்பரின்டெண்டென்ட் பெயர் லாம்ப். ஆங்கிலத்தில் முன்னது பன்றியைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கும், பின்னது ஆட்டுக்குட்டி. ‘பன்றியும் ஆடுமான போலீஸ்’ என்று பொருள்படும் புதிய பிரகசனத்தை மார்ச் 1ஆம் நாள் மேடையேற்றினர்! அதற்கு முதல் நாளே, பிப்ரவரி 29இல், வைசிராய் நார்த்புரூக் பிரபு நாடகங்களைத் தடை செய்ய அவசரச் சட்டம் பிறப்பித்துவிட்டார்.

மார்ச் 4ஆம் நாள் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீசார் புகுந்து நடிகர்களைக் கைது செய்தனர். ஆனால் வழக்குத் தொடர்ந்தது கேலி நாடகத்துக்காக அன்று. ‘சுரேந்திர பினோதினி’ என்ற வேறொரு நாடகம் ஆபாசமானது என்று! ஆங்கில மாஜிஸ்திரேட் ஒருவன் பெண்ணைப் பலவந்தம் செய்ய முயலும் காட்சி அதில் உண்டு. உபேந்திரநாத தாசருக்கும் அமிர்தலால் போசுக்கும் ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட் அவர்களை விடுவித்தது. விடுவித்தும் என்ன? அவ்வாண்டு டிசம்பரில் 1876ஆம் ஆண்டின் 19ஆம் சட்டமாக நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறிற்று. அரசு தடுத்த நாடகத்தை நடத்தினால் மூன்று மாதம் வரை சிறை. சமய விழாக்களில் நடக்கும் ஜாத்திரைக் கூத்துக்கு மட்டும் விலக்கு அளித்தனர்.

வெள்ளையர் 1947இல் சென்றனர், அச்சட்டம் செல்லவில்லை. நம் தமிழ்நாட்டிலும் 1954இல் அதே வழியில் ஒரு நாடகச் சட்டம் இயற்றப்பட்டது. 2013இல்தான் சென்னை ஹைகோர்ட் அதனைச் செல்லாது என்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2018இன் தொடக்கத்தில். 140 ஆண்டுகளுக்கு மேல் அது ஏட்டிலே இருந்தது. ஒரு பிரகசனத்துக்கு அஞ்சிப் போட்ட பூட்டு எத்தனை காலம் தொங்கியது பாருங்கள்!

அன்பர்களே! சட்டம் போட்ட பூட்டைச் சட்டத்தாலே திறக்கலாம். அதற்கு எண் உண்டு, தேதி உண்டு, ஹைகோர்ட்டும் உண்டு. பெல்காச்சியாவில் போட்ட பூட்டுக்கோ எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. நல்லெண்ணத்தால் போட்ட பூட்டு அது. அதைத் திறக்கப் போட்டவர் மனமே வேண்டும்.

ஆனால் நாங்கள் இங்கே பிறர் குறை சொல்ல மட்டும் வரவில்லை. எங்கள் குறையும் ஒன்று உண்டு. அண்மையில் பெட்டியைத் திறந்து எங்கள் நாடகத்தை மறுபடி படித்தோம். அதில் நாங்கள் மறந்துபோன ஒரு காட்சி இருந்தது. வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் வங்காளி மாஸி ஒருத்தி, கொச்சையான தமிழில் தப்பும் தவறுமாகப் பேசுவாள். ஒத்திகையில் அதிகச் சிரிப்பு எழுந்தது அக்காட்சிக்குத்தான். அதற்கு யாரும் வருந்தவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஏனெனில் அவள் செயற்குழுவில் இல்லை, ஒத்திகையிலும் இல்லை. பள்ளிக்கே போகாத அப்பெண், நம் வீடுகளில் உழைத்துக்கொண்டே நம் மொழியைக் காதால் கற்றவள். நாமோ முப்பது ஆண்டு இந்த மண்ணின் அரிசியைத் தின்றும், பலர் இன்னும் கடைத்தெருவில் விரலைக் காட்டி விலை கேட்கிறோம். அவளைப் பார்த்துச் சிரித்த நாங்கள் யார்? மதுசூதனரின் வாரிசுகளா, டேவ் கார்சனின் வாரிசுகளா? விடை எங்களுக்கு வெட்கத்தைத் தந்தது.

அக்காட்சியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறோம். இப்போது கதை இப்படி வருகிறது. பிள்ளைகள் ஓடி ஓடிக் கடைசியில் ஒருவரைப் பிடித்துக் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். அவர் படிக்கிறார். ஊர்த் தமிழில் பாட்டி எழுதிய சொற்கள் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. வாசலில் துடைப்பத்துடன் நின்ற மாஸிதான், “பாட்டிக்கு உடம்பு சரியில்லை, உங்களைப் பார்க்கணும் என்கிறாள்” என்று பொருள் சொல்கிறாள். அந்நேரம் தகப்பனார் கழுத்திலே சங்கம் போட்ட மாலையோடு உள்ளே நுழைகிறார். மேடை அத்துடன் இருளும்.

இந்த நாடகத்தில் வரும் தகப்பனார் யார் என்று கேட்டால், அந்தப் பெரியவர் அல்லர் என்று உறுதி கூறுகிறோம். நாங்களே அவர். எங்கள் பிள்ளைகளும் தமிழ் எழுத்தைக் கண்டு திகைப்பவர்களே. போன விடுமுறையில் பாஸ் எடுத்து ஊருக்குப் போனபோது, கோயில் வாசல் பலகையைப் படிக்கச் சொல்லி எங்கள் தாயார் கேட்க, எங்கள் மகன் எங்கள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையிலிருந்தே இந்த நாடகம் பிறந்தது.

ஆகவே, இவ்வாண்டு விழாவில் இந்நகை நாடகத்துக்கு 40 நிமிடம் அளிக்குமாறு செயற்குழுவைப் பணிவுடன் வேண்டுகிறோம். முன்பு வருந்திய பெரியவர் வீட்டுக்கு நாங்களே நேரில் சென்று, திருத்திய பிரதியைக் கொடுத்தோம். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். “மாலையை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், தம்பி, சின்ன மாலைக்கு இத்தனை பேச்சு பேச மாட்டான்” என்றார். அதைவிடப் பெரிய உத்தரவு எங்களுக்கு வேண்டுவதில்லை.

விழாவன்று மாஸிமார்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போட வேண்டும் என்பதும் எங்கள் விண்ணப்பம். அவர்கள் முன்னால் நடிக்கக் கூசாத நாடகமே நாம் நடிக்கத் தக்க நாடகம்.

தமிழ் வாழ்க! நம்மை வாழவைக்கும் வங்க மண்ணும் வாழ்க!